விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் தவறாக வருகிறதா? விடையைப் பார்த்தே பிழையைப் பிடிக்கும் வழிமுறை

பெங்களூருவில் சரக்கு முகவர் அலுவலகங்களிலும், நிறுவனங்களின் பயணப் பிரிவுகளிலும், மென்பொருள் குழுக்களிலும் விமானத் தூரத்தைக் கணக்கிடும் வேலை அடிக்கடி வருகிறது. அதற்காக ஓர் எக்செல் தாளையோ சிறிய நிரலையோ எழுதும் தமிழர்கள் பெரும்பாலும் முதலில் சோதித்துப் பார்ப்பது பெங்களூரு–சென்னைத் தூரத்தைத்தான். ஊருக்குப் போகும் வழி என்பதால் அந்த எண் மனத்தில் பதிந்திருக்கிறது. விடை 270-க்குப் பக்கத்தில் வந்தவுடன் கணக்கு சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வழித்தடம் குறுகியது, ஏறத்தாழ நேர் கிழக்கு மேற்காக அமைந்தது, பூமத்திய ரேகைக்கும் அருகில் இருப்பது. இந்த மூன்று காரணங்களாலும் பல கடுமையான பிழைகளை அது வெளியே காட்டாது. ஒரே வழித்தடத்தை வைத்துச் சோதிப்பதை விட்டுவிட்டு, திசையிலும் நீளத்திலும் மாறுபட்ட சில வழித்தடங்களை நிரந்தரமாகச் சோதனைக்கு வைத்துக்கொண்டால், தவறான விடையே எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று சொல்லிவிடும்.

சோதனைக்கான எண்கள்

கீழே வரும் எல்லா விடைகளும் பின்வரும் ஆயங்களைக் கொண்டு கணக்கிட்டவை. அட்சரேகை முதலிலும் தீர்க்கரேகை அடுத்தும் தரப்பட்டுள்ளன. பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் 13.1989, 77.7056. சென்னை 12.9900, 80.1693. டெல்லி இந்திரா காந்தி விமான நிலையம் 28.5686, 77.1122. கொல்கத்தா 22.6547, 88.4467. சான் பிரான்சிஸ்கோ 37.619, −122.375. வெவ்வேறு தரவுக் கோப்புகளில் மூன்றாவது, நான்காவது தசம இடங்கள் சிறிது வேறுபடும். அதனால் விடை ஒரு கிலோமீட்டர் முன்பின்னாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

பூமியை முழுக் கோளமாகக் கொள்ளும் ஹாவர்சைன் சூத்திரத்தின் நடைமுறை இது. அட்சரேகைகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்து, அதன் சைனை வர்க்கப்படுத்த வேண்டும். தீர்க்கரேகைகளின் வித்தியாசத்துக்கும் அவ்வாறே செய்து, அதை இரு அட்சரேகைகளின் கோசைன்களாலும் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி வரும் இடைமதிப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு சைன் கண்டு, அதை இரண்டாலும், பின்னர் பூமியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டராலும் பெருக்கினால் பெருவட்டத் தூரம், அதாவது கோளத்தின் மேற்பரப்பில் மிகக் குறுகிய தூரம், கிடைக்கும். பெங்களூரு–டெல்லிக்கு முதல் உறுப்பு 0.017882, இரண்டாம் உறுப்பு 0.000023, இடைமதிப்பு 0.017905, மையக் கோணம் 0.26842 ரேடியன், தூரம் 1,710 கிலோமீட்டர். பெங்களூரு–சென்னைக்கு 268 கிலோமீட்டர். இந்த இடைநிலை எண்களைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி விடையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதை விட, எந்தப் படியில் எண் மாறுகிறது என்று பார்ப்பது விரைவில் பலன் தரும்.

சூத்திரத்தில் கை வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டிய ஓர் எல்லையும் உண்டு. கோளத்தின் மேல் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் அதன் சுற்றளவில் பாதியை, அதாவது 20,015 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. உங்கள் கோப்பில் அதைவிடப் பெரிய எண் ஒன்றே ஒன்று இருந்தாலும், பிழை தரவில் இல்லை, கணக்கிடும் முறையில்தான் இருக்கிறது.

அறிகுறி: சென்னை 274, டெல்லி 377

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியுள்ளன. எல்லாப் பிழைகளிலும் இதுவே மிக அதிகமாக நிகழ்வதும் மிக எளிதாகத் தப்பிப்பதும் ஆகும். முருகேஷ்பாளையாவில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில், கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் இளம் ஊழியர் ஒருவர் தாம் தயாரித்த தாளை என்னிடம் காட்டினார். சென்னைக்கு எதிரே 274 என்று இருந்தது. “அண்ணா, ஆறு கிலோமீட்டர்தான் கூட வருது. ஏறுறதுக்கும் திரும்புறதுக்கும் ஆகுற தூரமா இருக்கும்” என்றார். “டெல்லியைப் போட்டுப் பாரும்மா” என்றேன். 377 என்று வந்தவுடன், அவரே ஆய நெடுவரிசைகளின் தலைப்புகளை விரலால் தொட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

சென்னை விடை இவ்வளவு நெருங்கி வந்ததற்குக் காரணம் உண்டு. பெங்களூருவும் சென்னையும் தீர்க்கரேகையில் சுமார் இரண்டரை டிகிரி வேறுபடுகின்றன. இந்த அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை, ஒரு டிகிரி அட்சரேகையைவிடச் சற்றே குறைவானது. ஆகவே ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டாலும் விடை அதிகம் விலகுவதில்லை. டெல்லிக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. வடக்கு தெற்காகப் பதினைந்து டிகிரி நீளும் வழித்தடம், ஆயங்கள் மாறியபின், வட துருவத்துக்கு அருகே கிழக்கு மேற்காகப் படுத்துவிடுகிறது. அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கி நிற்பதால் தூரம் சுருங்கிப்போகிறது. இடம் மாறிய ஆயத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பெங்களூரு விமான நிலையம் ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார் தீவுகளின் அருகே போய் நிற்கும்.

இந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்று தேடுவதும் கடினமன்று. மக்கள் பேச்சிலும் பெரும்பாலான அட்டவணைகளிலும் அட்சரேகை முதலில் வருகிறது. ஆனால் வரைபடத் தரவுக்குப் பரவலாகப் பயன்படும் ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகையே முதலில் வர வேண்டும் என்பது விதி. ஓர் இடத்திலிருந்து அட்டவணையாகவும் இன்னோர் இடத்திலிருந்து ஜியோஜேசனாகவும் தரவை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் இது நிகழ்கிறது. இந்திய விமான நிலையங்களுக்கு மட்டுமான ஒரு சோதனை போதும்: அட்சரேகை 6-க்கும் 38-க்கும் இடையிலும், தீர்க்கரேகை 68-க்கும் 98-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இந்த இரு எல்லைகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதால், இடம் மாறிய வரிசை எதுவும் இந்தச் சோதனையைத் தாண்டி வர முடியாது.

அறிகுறி: டெல்லி 16,038, அல்லது சென்னை 236

திரிகோணமிதிச் சார்புகளுக்கு ரேடியனில் கொடுக்க வேண்டிய கோணத்தை டிகிரியிலேயே கொடுத்தால் டெல்லித் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டும், சென்னை 12,000-ஐத் தாண்டும். எண் இவ்வளவு பெரிதாக இருப்பதால் இதை யாரும் தவறவிடுவதில்லை. எல்லாக் கோணங்களையும் சூத்திரத்தின் தொடக்கத்திலேயே பை (π) என்ற எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டால் சரியாகிவிடும்.

சிக்கலானது பாதி மாற்றப்பட்ட நிலைதான். வித்தியாசங்களை ரேடியனாக மாற்றிவிட்டு, கோசைனுக்குள் இருக்கும் அட்சரேகைகளை மட்டும் டிகிரியிலேயே விட்டுவிடும் தாள்களை நிறையப் பார்க்க முடிகிறது. அப்போது டெல்லிக்கு 1,708 என்று வரும். சரியான விடையிலிருந்து இரண்டே கிலோமீட்டர்தான் குறைவு. டெல்லி நமக்கு ஏறத்தாழ நேர் வடக்கில் இருப்பதால் தீர்க்கரேகை உறுப்பு மிகச் சிறியது. அதற்குள் இருக்கும் கோசைன் தவறானாலும் மொத்தம் அசைவதில்லை. அதே தாளில் சென்னை 236 என்று காட்டும். முன் சொன்ன அறிகுறியில் சென்னை மறைத்ததை டெல்லி காட்டிக்கொடுத்தது. இங்கே டெல்லி மறைப்பதைச் சென்னை காட்டிக்கொடுக்கிறது. எனவே சென்னையைச் சோதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது. அதற்கு ஒரு துணை வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: பக்கத்து ஊர் தொலைவாகவும் தொலைதூர ஊர் பக்கமாகவும் வருகிறது

சென்னை 19,747, டெல்லி 18,305, சான் பிரான்சிஸ்கோ 6,027 என்று வந்தால், ஒவ்வொன்றையும் சரியான கோளத் தூரத்தோடு கூட்டிப் பாருங்கள். மூன்றும் 20,015 என்றே வரும். அது தெரிந்ததும் காரணமும் தெரிந்துவிடும்: கோணத்தைக் காண நேர்மாறு சைனுக்குப் பதிலாகப் பல நிரல்களில் வரும் ஏடேன்2 (ATAN2) என்ற சார்பின் உள்ளீடுகள் இடம் மாறியிருக்கின்றன.

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி முதலிய மொழிகளில் இந்தச் சார்பு நெடுக்கு மதிப்பை முதலிலும் கிடை மதிப்பை இரண்டாவதாகவும் ஏற்கிறது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகிய விரிதாள்களிலோ கிடை மதிப்பே முதலில் வர வேண்டும். ஏதோ ஒரு நிரலிலிருந்து சூத்திரத்தை அப்படியே விரிதாளுக்கு எடுத்துச் சென்றால், கோணத்துக்குப் பதிலாக அதை நிரப்பும் கோணம் கிடைக்கிறது. விரிதாளில் வேலை செய்வோருக்கு என் யோசனை, ஏடேன்2-ஐ விட்டுவிட்டு இடைமதிப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு சைன் எடுப்பதே. அதில் ஒரே உள்ளீடுதான் என்பதால் வரிசை மாற வழியில்லை.

அறிகுறி: பல ஊர்களுக்கு ஒரே 8,677

பெங்களூருவிலிருந்து வெவ்வேறு ஊர்களுக்கான வரிசைகளில் 8,677 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஊர்களின் விமான நிலையக் குறியீடு தரவில் கிடைக்கவில்லை, காலியான ஆயத்தைக் கணக்கு பூஜ்யமாக எடுத்துக்கொண்டது என்று பொருள். பூஜ்ய அட்சரேகையும் பூஜ்யத் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடம் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் கடல் நடுவே இருக்கிறது. அங்கிருந்து பெங்களூருவுக்கு உள்ள தூரம்தான் இது. குறியீட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளி, சிறிய எழுத்தில் எழுதிய குறியீடு, அயாட்டா (விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) தரும் மூன்றெழுத்துக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் ஐசிஏஓ (ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) தரும் நான்கெழுத்துக் குறியீடு ஆகியவையே வழக்கமான காரணங்கள். குறியீடு கிடைக்காவிட்டால் கணக்கு நின்று பிழையை அறிவிக்கும்படி எழுதுங்கள்.

அறிகுறி: எல்லா விடைகளும் ஒரே விகிதத்தில் தவறு

உங்கள் விடையால் சரியான விடையை வகுத்துப் பாருங்கள். 1.852 என்று வந்தால் உங்களுடையது கடல் மைல், 1.609 என்றால் தரை மைல். 2 என்றால் கடைசியில் இரண்டால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். ஒரு கடல் மைல் என்பது மிகச் சரியாக 1.852 கிலோமீட்டர். விமானப் போக்குவரத்துத் துறையினர் தூரத்தைக் கடல் மைலில்தான் பேசுகிறார்கள் என்பதால், அவர்களுடைய ஆவணத்தோடு ஒப்பிடுவதற்கு முன் அலகைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிகுறி: சென்னை சரி, டெல்லி மட்டும் ஏழு கிலோமீட்டர் கூடுதல்

உங்கள் கணக்கு 1,710 என்கிறது. நம்பகமான கருவி 1,703 என்கிறது. சென்னைக்கு இரண்டுமே 268 என்கின்றன. இங்கே சூத்திரத்தில் தவறில்லை, பூமியின் வடிவம் பற்றிய அனுமானத்தில்தான் வேறுபாடு இருக்கிறது.

பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவுகளின்படி பூமத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378.137 கிலோமீட்டர், துருவ ஆரம் அதைவிட 21 கிலோமீட்டருக்கும் மேல் குறைவு. இந்தத் தட்டைத்தன்மையால் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. சராசரிக் கோளத்தில் அது 111.19 கிலோமீட்டர், பெங்களூருவுக்கும் டெல்லிக்கும் இடையிலான பகுதியில் உண்மையில் 110.72 கிலோமீட்டர்தான். பதினைந்து டிகிரிக்கும் அந்தக் குறை சேர்ந்தால் ஏழு கிலோமீட்டர் ஆகிறது. கிழக்கு மேற்காகச் செல்லும்போது வேறுபாடு எதிர்த்திசையில் அமைகிறது. அங்கே கோளக் கணக்கு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். சென்னை வழித்தடம் குறுகியது என்பதால் அந்தக் குறை அரைக் கிலோமீட்டரைக் கூட எட்டாமல் முழுமையாக்கும்போது மறைந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய ஆரத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. டெல்லிக்குப் பொருந்துமாறு ஆரத்தை 6,344 என்று குறைத்தால் டெல்லி சரியாகும், மற்ற வழித்தடங்கள் கெடும். அந்த வழியில் போகக் கூடாது என்றே உறுதியாகச் சொல்வேன். அரை சதவீதப் பிழை ஏற்கத்தக்கதென்றால் 6,371-ஐ வைத்துக்கொண்டு, இது கோளக் கணக்கு என்று குறிப்பிட்டு விடுங்கள். ஏற்க முடியாதென்றால், பூமியைத் துருவங்களில் தட்டையான உருவமாகவே கொள்ளும் நீள்கோளக் கணக்குக்கு மாறுங்கள். தாடியஸ் வின்சென்டி 1975-இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு அது விடையை எட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும். சார்லஸ் கார்னி 2013-இல் வெளியிட்ட முறையில் அந்தக் குறை இல்லை. அவருடைய ஜியோகிராஃபிக்லிப் நூலகம் பைத்தான் உள்ளிட்ட பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. பெங்களூருவின் எதிர்ப்புள்ளி பசிபிக் பெருங்கடலில் விழுவதால் நம் ஊரிலிருந்து தொடங்கும் கணக்குகளில் வின்சென்டி முறை சிக்குவது அரிது. உலகம் முழுவதற்குமான அட்டவணை தயாரிப்பவர் கார்னியின் முறையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விமானம் உயரத்தில் பறப்பதால்தான் இந்த வேறுபாடு என்று சிலர் விளக்கம் தருகிறார்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் டெல்லி வழித்தடத்தில் கூடும் தூரம் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். அதுவும் கூட்டுமே தவிரக் குறைக்காது. எனவே அது இந்த அறிகுறிக்குக் காரணமாக முடியாது.

அறிகுறி: ஒரு விமான நிலையம் சம்பந்தப்பட்டவை மட்டும் தவறு

சூத்திரம் மற்ற எல்லா இடங்களிலும் சரியாக இருந்து, ஒரே நிலையத்தின் தூரங்கள் மட்டும் விலகினால் அந்த நிலையத்தின் ஆயத்தைப் பாருங்கள்.

பெங்களூருவிலிருந்து டெல்லி 1,738 என்றும் சென்னை 271 என்றும் வந்தால், உங்களிடம் இருப்பது பழைய கோப்பு. 2008 மே 24 அன்று பயணியர் விமானங்கள் இன்றைய கெம்பேகவுடா நிலையம் உள்ள தேவனஹள்ளிக்கு மாறியபோது பி.எல்.ஆர். என்ற குறியீடும் அங்கே போயிற்று. அதற்கு முந்தைய தரவில் அந்தக் குறியீடு நகருக்குள் இருக்கும் பழைய எச்ஏஎல் விமான நிலையத்தைக் குறிக்கும். இரண்டுக்கும் இடையே தெற்கு வடக்காக ஏறத்தாழ 28 கிலோமீட்டர் இருப்பதால், வடக்கே உள்ள டெல்லிக்கு அது முழுவதும் சேர்கிறது; கிழக்கே உள்ள சென்னைக்கு மூன்று கிலோமீட்டர்தான் மாறுகிறது. ஐதராபாத்திலும் அதே ஆண்டு பேகம்பேட்டிலிருந்து சம்ஷாபாத்துக்கு இதே போன்ற மாற்றம் நடந்தது.

சென்னை 298 என்று முப்பது கிலோமீட்டர் கூடுதலாக வந்தால் காரணம் வேறு. அரசு வெளியிடும் வான்வழித் தகவல் ஏடுகளில் ஆயங்கள் டிகிரி, நிமிடம், விநாடி என்ற முறையில் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். பெங்களூருவின் 13 டிகிரி 11 நிமிடம் 56 விநாடி வடக்கு, 77 டிகிரி 42 நிமிடம் 20 விநாடி கிழக்கு என்பதை 13.1156, 77.4220 என்று தசமமாகப் படித்துவிட்டால், விமான நிலையம் துமகூரு சாலையில் நெலமங்களா அருகே போய்விடும். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3,600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். கோப்பு முழுவதும் இந்தத் தவறு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. தசமப் புள்ளிக்குப் பிந்தைய முதல் இரண்டு இலக்கங்களை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். நூற்றுக்கணக்கான வரிசைகளில் ஒன்றில் கூட அவை 60-ஐ எட்டவில்லை என்றால் அவை நிமிடங்கள்தான்.

குறியீட்டுக் குழப்பம் தமிழர்களின் வழித்தடங்களில் அடிக்கடி வருகிறது. திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. என்பவை குறியீடுகள். ஒரே ஓர் எழுத்து மாறினால் 290 கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 530 வந்து நிற்கும். இரண்டுமே நம்பத்தக்க எண்கள் என்பதால் கண்ணில் படாது. கோவாவில் டபோலிமுக்கு ஜி.ஓ.ஐ., 2023 ஜனவரியில் விமானச் சேவை தொடங்கிய மோபாவுக்கு ஜி.ஓ.எக்ஸ். ஊர்ப் பெயரைக் கொடுத்து ஆயத்தைத் தேடும் முறையில் சேலம் என்று கேட்டால் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத் தலைநகரோ மாசசூசெட்ஸில் உள்ள அதே பெயருடைய ஊரோ வந்துவிடக்கூடும். ஊர்ப் பெயரால் தேடாமல் குறியீட்டால் தேடுங்கள்; குறியீட்டுக்கு எதிரே நாட்டின் பெயரையும் அச்சிட்டு ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள்.

அறிகுறி: மேற்கு நாடுகள் மட்டும் தவறு

சான் பிரான்சிஸ்கோவுக்கு 5,175 கிலோமீட்டர் என்று வந்தால் மேற்குத் தீர்க்கரேகையின் கழித்தல் குறி விடுபட்டிருக்கிறது. அந்த ஆயம் சீனாவின் ஷான்டோங் மாகாணக் கரைக்கு அருகே கடலில் விழுகிறது. சரியான விடை கோளக் கணக்கில் 13,988; நீள்கோளக் கணக்கில் சுமார் 14,000.

விடை 22,400-ஐத் தாண்டினால், வரைபடத்தைத் தட்டையான தாளாகக் கருதிப் பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்த முறை 180 டிகிரித் தீர்க்கரேகையைத் தாண்டிப் போக அறியாது. வட துருவத்தை ஒட்டிப் போகவும் அறியாது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு விமானம், முழுவதும் பெண் விமானிகளால் இயக்கப்பட்டு, வட துருவப் பகுதியின் மேலாகப் பறந்து வந்து சேர்ந்தது. பெருவட்டப் பாதை வடக்கே அவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதைத் தட்டை வரைபடத்தில் பார்ப்பவர் எளிதில் ஏற்பதில்லை. ஒரு நூலைக் கோள உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்துப் பார்த்தால் ஐயம் தீரும். உள்நாட்டிலும் தட்டைக் கணக்கு வெகுவாகத் தவறும். டெல்லி–கொல்கத்தா 1,312 கிலோமீட்டர்; கோசைன் இல்லாத தட்டைக் கணக்கில் 1,422 வரும். சென்னைக்கு 275 என்று அது சொல்வதால், மறுபடியும் சென்னையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அறிகுறி: ஒரே ஊருக்குப் பிழைச் செய்தி

புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் ஒன்றாக இருக்கும் வரிசையில் பூஜ்யத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வந்தால், நீங்கள் நேர்மாறு கோசைன் கொண்ட சூத்திரத்தைப் பயன்படுத்துகிறீர்கள். கணினியின் முழுமையாக்கலால் உள்ளே போகும் எண் ஒன்றைவிட மிக நுண்ணிய அளவு கூடிவிடுகிறது. அதற்கு நேர்மாறு கோசைன் கிடையாது. ஹாவர்சைனுக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: கணக்கு சரி, ஆனால் பறந்த தூரத்தோடு ஒத்துப்போகவில்லை

பயணிகளும் கணக்குப் பிரிவினரும் அதிகம் கேட்பது இதைத்தான். விமானத்தின் தடத்தைக் காட்டும் தளங்களில் டெல்லிக்கு 1,703-ஐவிட அதிகமாகவே பெரும்பாலும் பதிவாகியிருக்கும். பெருவட்டத் தூரம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரம். எந்த விமானமும் அதை அப்படியே பறப்பதில்லை. பெங்களூரு நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை. டெல்லிக்குப் போகும் விமானம் கிழக்கிலோ மேற்கிலோ எழும்பி, குறித்த புறப்பாட்டுப் பாதையில் சென்ற பிறகே வடக்கே திரும்புகிறது. இடையில் வான்வழித் தடங்களின் குறிப்புப் புள்ளிகள், ராணுவத்துக்கு ஒதுக்கிய வான்பரப்பு, மழைமேகம் ஆகியவற்றுக்கு ஏற்ப வளைய வேண்டியிருக்கிறது. டெல்லியில் இறங்க வரிசை நீண்டிருந்தால் காத்திருந்து வட்டமடிப்பதும் அந்தப் பதிவில் சேரும்.

வான்பரப்பு மூடப்படும்போது வேறுபாடு மிகப் பெரிதாகும். 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரையிலும், மீண்டும் 2025 ஏப்ரல் 24 முதலும் பாகிஸ்தான் வான்பரப்பு இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் செல்லும் விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அந்த நாட்களின் பறந்த தூரத்தைக் கொண்டு உங்கள் சூத்திரத்தைத் திருத்த முயன்றால் சரியான கணக்கைக் கெடுத்துக்கொள்வீர்கள். பறந்த தூரம் வேண்டுமென்றால் அதைப் பதிவிலிருந்து எடுத்துத் தனி நெடுவரிசையில் வைக்க வேண்டும். காற்றின் திசை தூரத்தைவிட நேரத்தையும் எரிபொருளையும் அதிகம் மாற்றும் என்பதால், அவற்றையும் தூரத்திலிருந்து நேரடியாக வருவிக்க முயலக் கூடாது.

கரிம வெளியேற்றக் கணக்கு தயாரிப்போருக்கு இன்னொரு வித்தியாசம் எதிர்ப்படும். அங்கே எண் சரியாக 50, 100 அல்லது 125 கிலோமீட்டர் கூடுதலாக இருக்கும். அது பிழை அன்று. ஐசிஏஓவின் கரிமக் கணக்கீட்டு முறை, சுற்றிப் பறப்பதை ஈடுசெய்ய, பெருவட்டத் தூரம் 550 கிலோமீட்டருக்குக் குறைவானால் 50-ஐயும், 5,500 வரை 100-ஐயும், அதற்கு மேல் 125-ஐயும் கூட்டுகிறது. அதன்படி சென்னை 318 ஆகும், டெல்லி 1,803 ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியேற்ற வணிக முறையில் கூட்டப்படும் அளவு 95 கிலோமீட்டர். அதே ஐரோப்பிய ஒன்றியம், விமானத் தாமதத்துக்கான பயணியர் இழப்பீட்டில் 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற வரம்புகளைத் தீர்மானிக்கும்போது எதையும் கூட்டாமல் பெருவட்டத் தூரத்தையே எடுத்துக்கொள்கிறது. பயணச்சீட்டுக் கட்டணத்துக்கு அயாட்டா வெளியிடும் மைல் அளவுகள் இவை எல்லாவற்றிலிருந்தும் தனியானவை. அவற்றை ஆயங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறாமல் அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். எனவே தாளின் தூர நெடுவரிசைக்கு வெறுமனே “தூரம்” என்று தலைப்பிடாமல், “பெருவட்டம், டபிள்யூஜிஎஸ் 84, கி.மீ., கூட்டல் இல்லை” என்று முழுவதும் எழுதி வையுங்கள், கரிமக் கணக்குக்கு வேண்டிய கூட்டலை அடுத்த நெடுவரிசையில் செய்யுங்கள்.